சுவரே சாட்சி சொல்லும்

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த சிமென்ட் மூட்டையை, வண்டி போகாத இடத்திலிருந்து தலைச்சுமையாகத் தூக்கி, சரிவைச் சமன்செய்து, கல் அடுக்கிக் கரை கட்டி, அதன்மேல் வீடு எழுப்பியவர் நீங்கள். ஐப்பசி மழைக்கும் மார்கழிக் குளிருக்கும் அசையாதவர் நீங்கள். அப்படிப்பட்டவர் அலுவலக வாசலில் எதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறீர்கள்? "இது அனுமதி இல்லாத வீடு" என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் ஏன் உங்கள் குரல் உள்ளே போகிறது?

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டு மக்களே, அந்தக் குரலை வெளியே எடுங்கள். அறப்பளீஸ்வரர் கோயிலைச் சுற்றிய இந்தச் சரிவுகளில் சாமையும் தினையும் விளைவித்தவர்கள் உங்கள் பாட்டனும் பூட்டனும். உங்களைக் காக்கும் சட்டமும் அவர்கள் காலத்து அநியாயத்தைச் சரிசெய்யத்தான் வந்தது. அதைப் படிக்காமல் இருப்பதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பலவீனம். அதை இன்றோடு ஒழித்துக்கட்டுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீடு நிற்கும் இடம் பட்டா நிலமா, நத்தமா, வனநிலமா? இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைச் சொல்லி 'அ' பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டா கிடந்தால் உட்பிரிவுக்கு மனுப் போடுங்கள். அண்ணன் தம்பி மனத்தாங்கலால் மூன்று தலைமுறையாகப் பட்டா மாறாமல் கிடக்கும் வீடுகள் எத்தனை! பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். காகிதம் உங்கள் பெயருக்கு வராதவரை அரசு உதவியும் வராது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம் என்றால் மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் என்று தனியாகவே நிர்ணயித்திருக்கிறார்கள். சொந்த இடம் என்று காட்ட முடியாதவர் அந்த வரிசையில் எப்படி நிற்பது?

வனநிலம் என்று பதிவேடு சொன்னாலும் மனம் உடையாதீர்கள். 2006-ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த மண்ணில் குடியிருந்து உழுத பழங்குடி மக்களுக்கு, அவர்கள் வைத்திருக்கும் அளவுக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமையை அது அங்கீகரிக்கிறது. பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும்; விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த நீதிமன்ற உத்தரவால் பத்திரம் கொடுப்பது முடங்கிப் போய், 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் வழியைத் திறந்துவிட்டது. அந்த எட்டு ஆண்டுத் தாமதத்தால் நம்பிக்கை இழந்து மனுவை மூலையில் போட்டவர்கள் மறுபடியும் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

"ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குத்தான் நாம் நடுங்குகிறோம். அந்தச் சட்டத்துக்காக 2008-ல் வந்த விதிகளின் 13-ஆம் விதியைப் படித்தவர் நடுங்க மாட்டார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது இவையெல்லாம் ஆதாரம். அதோடு நிற்கவில்லை. வீடு ஆதாரம். குடிசை ஆதாரம். நிலத்தைச் சமன்படுத்தியது, வரப்புக் கட்டியது ஆதாரம். கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் ஆதாரம். வம்சாவளி ஆதாரம். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுத்தில் எடுத்தால் அதுவும் ஆதாரம்! ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் போதும். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் நிலம் தெரியவில்லை என்று சொன்னால், அந்தப் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணைதானே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று 2012-ல் திருத்திய விதி சொல்கிறது. இதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். உங்கள் தாத்தா அடுக்கிய கல்வரிசை பேசும். அதைப் பேசவிடாமல் நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்? மனுவைச் சரிபார்த்து முடிக்கும் வரை உங்களை வெளியேற்றக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் 4(5) பிரிவு.

பட்டா நிலத்தில் கட்டியவருக்கும் ஒன்று சொல்கிறேன். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் வர வேண்டும், சுவரிலும் ஒட்ட வேண்டும், குறைந்தது 15 நாள் கொடுக்க வேண்டும், எந்த விதியை மீறினீர்கள் என்று சொல்ல வேண்டும், உங்களை நேரில் கேட்க வேண்டும். சாலை, ஆறு போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வாய்மொழி மிரட்டலுக்கு அஞ்சாதீர்கள். "எழுத்தில் கொடுங்க சார்" என்று நிமிர்ந்து கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

அதே நிமிர்வோடு விதிகளையும் மதியுங்கள். உரிமை பேசும் வாய் கடமையை மறக்கலாமா? 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்ன ஆயின என்று பார்த்தோம். நீர் குடித்த மலைமண் ஊரையே சுருட்டிக்கொண்டு போனது. சரிவைச் செங்குத்தாக வெட்டாதே, ஓடை வழியை அடைக்காதே, மலையில் உயரம் கூட்டாதே என்று விதி சொல்வது உங்கள் பிள்ளைகள் தூங்கும் அறைக்காக. மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்ட வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத்துறை ஆகியவற்றின் கருத்தையும் கேட்பார்கள். உங்கள் வருவாய்க் கிராமம் அந்தப் பட்டியலில் உண்டா? அஸ்திவாரம் தோண்டுமுன் ஊராட்சியில் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போடுங்கள்; முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

விதி ஏழைக்குத்தான், பணக்காரன் தப்பிவிடுவான் என்ற புலம்பலை விட்டுவிடுங்கள். கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பியது ஒரு ஓட்டல். பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் என்ற மக்கள் அமைப்பு விடாமல் வழக்காடியது. 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஓட்டலுக்குக் கொடுத்த விதிவிலக்கு செல்லாது என்றாகிவிட்டது. நாளைக்கு உங்கள் ஓடைத் தலைப்பில் ஒரு ரிசார்ட் எழும்பினால், உங்கள் வீட்டுக்குப் பேசும் அதே விதியை அங்கேயும் பேச நீங்கள் தயாரா? உங்கள் வீட்டுக் காகிதம் சுத்தமாக இருந்தால்தான் அந்தத் தைரியம் வரும்.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி, சுரங்கம் வேண்டாம் என்று சொல்லின. டோங்ரியா கோந்த் பெண்களும் முதியவர்களும் தங்கள் மொழியிலேயே எழுந்து நின்று சொன்னார்கள். பெரும் நிறுவனத்துக்கு அங்கே சுரங்க அனுமதி மறுக்கப்பட்டது. கொல்லிமலைக்காரர் நாக்கு அவர்கள் நாக்கைவிடக் குட்டையா?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வன உரிமை மனுவைத் தொடங்கி வைக்கும் அதிகாரமே கிராம சபையிடம்தான் இருக்கிறது. அதன் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதை நிறுத்துங்கள். அம்மாவை, அக்காவை, கல்லூரியில் படிக்கும் தங்கச்சியை முன்வரிசையில் உட்கார வையுங்கள். சர்வே எண், வீட்டு அளவு, எத்தனை தலைமுறை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஊர்க்கவுண்டரையும் எண்பது வயதுப் பாட்டியையும் கூட்டிப் போய் அவர்கள் சொல்வதை அங்கேயே எழுத வையுங்கள். தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். எழுதி, வாசித்துக் காட்டி, நகல் கைக்கு வரும் வரை ஒருவரும் எழுந்திருக்க வேண்டாம்.