திருக்கடிகைப் படிகளில் ஒரு குடும்பம்

பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திருக்கடிகை, இந்நாளில் இராணிப்பேட்டை மாவட்டத்தில் சோளிங்கர் என்ற பெயரால் விளங்குகிறது. பெரியமலையின் உச்சியில் ஸ்ரீயோக நரஸிம்ஹனும் அமிர்தவல்லித் தாயாரும் எழுந்தருளியிருக்க, சிறியமலையில் சங்கசக்ரம் தாங்கிய நாற்கரத்தினராய் ஸ்ரீயோக ஆஞ்சநேயர் தம் ஸ்வாமியைத் தியானித்து வீற்றிருக்கிறார். கடிகையாவது ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். அவ்வளவு பொழுது இம்மலையில் தங்கினாலே வீடுபேறு கைகூடும் என்பது தலபுராணம் சொல்லும் ஏற்றம்.

ஒரு நாழிகை தங்குவதற்கு ஏறவேண்டிய படிகளோ 1,305!

இப்படிகளில் ஏறும் ஒரு குடும்பத்தை அன்பர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கட்டும். வெயில் ஏறுமுன் புறப்பட்டாயிற்று. பேரன் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு முன்னே ஓடுகிறான். பேத்தி துளசிமாலையைத் தன் கையைவிட்டு இறக்க மறுக்கிறாள். மருமகள் இடுப்பில் கைக்குழந்தை. புளியோதரைப் பாத்திரத்தை வானரங்களிடமிருந்து காப்பதே அவளுக்குப் பெரும் தவமாயிருக்கிறது. கடைசியில், மகனின் தோளைப் பற்றிக்கொண்டு, எழுபது வயது கடந்த மூதாட்டி. 2024ஆம் ஆண்டு முதல் பெரியமலைக்கு ரோப் கார் ஓடுகிறது. மகன் எவ்வளவோ வேண்டியும் அவள் இசையவில்லை. மணமான புதிதில் மாமியாரோடு ஏறிய படிகள் இவை. இன்னும் ஒருமுறை காலால் ஏறி வருவதாகப் பெருமாளிடம் பிரார்த்தித்துக் கொண்டவள் அவள்.

மலையேற்றத்தில் குடும்பம் கற்பது ஒன்றுண்டு. வீட்டில் யார் வேகமாக நடந்தாலும் பிறர்க்குத் தெரிவதில்லை; படிகளிலே தெரிந்துவிடுகிறது. முன்னே ஓடியவன் மண்டபத்தில் நின்று திரும்பிப் பார்த்தாக வேண்டும். தள்ளாதவளின் மூச்சே அனைவருக்கும் தாளமாகிறது. சிலருக்கு இது சலிப்பு. பாகவதரோடு கூடி எம்பெருமானை அடைவதே அடைதல் என்று ஆசார்யர்கள் உபதேசித்ததைக் காதால் கேட்டவர்கள், அதனைக் காலால் பயிலும் இடம் இதுவே.

நானூறு படி கடந்திருக்கும். மூதாட்டியின் முழங்கால் மடங்க மறுத்தது. சுவரோரம் அமர்ந்தவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கண்கள் நிறைந்தன. "நீங்கள் போய் ஸேவித்து வாருங்கள். என் பிரார்த்தனை பொய்த்துப் போயிற்று" என்றாள். "கீழே இறங்கி ரோப் காரில் போகலாம் அம்மா" என்று மகன் சொன்னதும் அவள் துயரம் இன்னும் பெருகிற்று. சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டு எந்த முகத்தோடு அவன்முன் நிற்பது?

இவ்விடத்தில் நினைக்கத்தக்கவர், இவ்வூரிலேயே வாழ்ந்த தொட்டாசார்யர். ஆண்டுதோறும் வைகாசியில் காஞ்சிக்குச் சென்று பேரருளாளனின் கருடசேவையை ஸேவிப்பது அந்த மஹானின் நியமம். ஓர் ஆண்டு செல்ல இயலாமற் போயிற்று. தக்கான் குளக்கரையில் நின்று, அங்குக் காணும் சேவையை நெஞ்சில் நினைந்து உருகி, தேவராஜ பஞ்சகம் என்னும் ஐந்து சுலோகங்களால் துதித்தார். வரதன் கருடன்மேல் அங்கேயே வந்து காட்சி தந்தான் என்பர். இன்றும் காஞ்சியில் கருடசேவையன்று கோபுர வாசலில் பெருமாளை ஒரு கணம் குடையால் மறைக்கின்றனர். அக்கணத்தில் அவன் சோளிங்கருக்கு எழுந்தருளி மீள்வதாக ஐதிகம். தவறாமல் காஞ்சிக்குச் சென்ற ஆண்டுகள் எத்தனையோ! அவற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நியமம் முறிந்த அந்த ஓர் ஆண்டைத்தான் உலகம் சொல்லிக் களிக்கிறது. காரணம் வெளிப்படை: மற்ற ஆண்டுகளில் பக்தர் நடந்தார், அந்த ஆண்டு பகவான் நடந்தான்.

இம்மலையின் உற்சவர் மேலே இருப்பவரல்லர். ஊருக்குள் கோயில்கொண்ட பக்தோசிதப் பெருமாள். பக்தர்க்கு உசிதமானவன், அவர்கள் நிலைக்குத் தக்கவன். ஏற மாட்டாதவர்க்கென்று தெருவுக்கு எழுந்தருளுபவன், எண்ணிய படிகளில் குறைந்தவற்றுக்குக் கணக்குக் கேட்பானோ? ரோப் காரில் சென்றால் புண்ணியம் குறையுமா என்று வினவுவோர்க்கும் விடை இதில் உண்டு. ஏறும் வலிமையும் அவன் தந்தது. இல்லாதபோது வரும் துணையும் அவன் தந்ததே.

மகன் இவ்வளவும் சொல்லவில்லை. "தொட்டாசார்யர் என்ன செய்தார் அம்மா?" என்று மட்டும் கேட்டான். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு கையை நீட்டினாள். இருவரும் மெல்ல இறங்கினர்.

பேரன் இரைக்க இரைக்க உச்சியை அடைந்தபோது, பாட்டி அங்கே முன்னதாகவே வந்து கைகூப்பி அமர்ந்திருந்தாள்.

"ஆயிரத்து முந்நூற்றைந்து, பாட்டி! நீ எத்தனை படி ஏறினாய்?"

"எண்ணவில்லையடா கண்ணே" என்றாள் அவள். "மாலையை எடு. திரை விலகப் போகிறது."