செல்லாக் காசும் செல்லும் கடனும்



1956 முதல் 1961 வரை அச்சான மலாயா, பிரிட்டிஷ் போர்னியோவின் சதுரமான ஒரு காசைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1967 ஜூன் 12-ல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தத்தம் நாணயத்தை வெளியிட்டன. பின்னர் சதுரக் காசு செல்லாக் காசாயிற்று.

அந்தக் காசில் பட்ட கடனும் செல்லாததாகுமா? ஆகாது. காசு அரசாங்கத்தின் முத்திரை, அதை மாற்றலாம். கடனோ அடியானின் ஹக்கு. உரியவர் மன்னித்தாலன்றித் தீராது.

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கம் கொடுக்கையில் மொத்தத் தொகையின் கடைசி ஒன்றும் இரண்டும் விடுபடும், மூன்றும் நான்கும் ஐந்தாகும். இரு தரப்பும் அறிந்த ஏற்பாடு, குற்றமில்லை. ஆனால் எப்பொழுதும் மூன்றிலோ எட்டிலோ முடியும்படி விலை கட்டும் வியாபாரியின் நிய்யத்து என்ன? சட்டம் அவரைப் பிடிக்காது. அணுவளவும் நிறுக்கப்படும் மறுமைத் தராசு விடுமா?

“ஒரு காசுதானே!” என்று விட்டுக்கொடுப்பவர் சொல்லலாம், எடுத்துக்கொள்பவர் சொல்லலாகாது.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். முன்னதை அரசாங்கம் நிறுத்தலாம். பின்னதை நாம்தான் காக்க வேண்டும். வல்ல அல்லாஹ் நம் கல்லாக்களை ஹலாலாக்கி வைப்பானாக, ஆமீன்.