தடைக்கோட்டுக்கு இப்பால்

பான் நகரில் ஜேர்மன் பாராளுமன்றம் இயங்கிய காலத்தில் அதைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடு. 1955ம் ஆண்டுச் சட்டமொன்று அதைக் கீறியிருந்தது. விசேட அனுமதி இல்லாமல் அந்தக் கோட்டுக்குள் யாரும் கூட்டம் கூடக்கூடாது. பதாகை பிடித்து ஊர்வலம் போகக்கூடாது. 'தடைமைல்' என்று பொருள்படும் பழைய சொல்லொன்றால் ஜேர்மன்காரர் அதைக் குறிப்பிடுவார்கள். அரசுக்கு ஏதாவது சொல்ல வந்தவர்கள் அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தள்ளி, பல்கலைக்கழகத்துக்கு முன்னாலுள்ள ஹோப்கார்ட்டன் புல்வெளியில் கூடினார்கள்.

பேசலாம், ஆனால் அங்கே நின்று பேசு என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள். பேச்சுச் சுதந்திரம் பற்றி விவாதிக்கும்போதெல்லாம் 'என்ன பேசலாம்' என்பதையே நாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். எங்கே நின்று பேசலாம், யார் பேசலாம், எப்போது பேசலாம் என்ற மூன்று கேள்விகளும் அதன் பின்னால் மறைந்துபோகின்றன. அகதிகளாக வந்த எமக்கோ இந்த மூன்றும்தான் முதற் கேள்விகள்.

அந்தக் கோட்டுக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. மக்கள் பிரதிநிதி வெளியே நிற்கும் கூட்டத்துக்குப் பயந்து வாக்களிக்கக்கூடாது. தன் மனச்சாட்சிப்படி வாக்களிக்க வேண்டும். இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. கும்பல்களின் கூச்சலால் ஒரு குடியரசு எப்படி அழிந்தது என்பதை ஜேர்மனி கண்டிருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் மூதாதை பிறந்தது 1920ல். அந்த ஆண்டு ஜனவரி 13ல் பேர்லின் பாராளுமன்றத்தின் முன்னால் தொழிலாளர் ஆர்ப்பாட்டம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்து, 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே தடை எல்லைச் சட்டம் வந்தது. சுட்டது பொலிசார், செத்தது ஊர்வலக்காரர். பாதுகாப்புக் கிடைத்ததோ பாராளுமன்றத்துக்கு. அரசுகளின் நியாயத்தில் அனேகமாக இப்படியொரு கணக்குப் பிசகு இருக்கும்.

ஹோப்கார்ட்டன் புல்வெளி பல கூட்டங்களைக் கண்டது. 1968 மே 11ல் அவசரகாலச் சட்டங்களை எதிர்த்துப் பல பத்தாயிரம் பேர் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் அங்கு வந்தார்கள். எழுத்தாளர் ஹைன்றிஹ் பியோல் பேசினார். அதே மாதம் 30ம் திகதி பாராளுமன்றம் அந்தச் சட்டங்களை நிறைவேற்றியது. 1981 ஒக்டோபர் 10ல் அணுவாயுத ஏவுகணைகளுக்கு எதிராகச் சுமார் 300,000 பேர் கூடினார்கள். அன்றும் பியோல் பேசினார். 1983 ஒக்டோபர் 22ல் திரும்பவும் கூட்டம். இம்முறை முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட்டும் மேடையில் இருந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 22ல், ஏவுகணைகளை நிறுத்துவதற்குப் பாராளுமன்றம் சம்மதம் கொடுத்தது.

ஒவ்வொரு முறையும் புல்வெளி தோற்றது, மண்டபம் வென்றது. அப்படியானால் எதற்காகக் கூடினார்கள்?

1985 மே 14ல், புரொக்டோர்ப் அணுமின் நிலையத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டம் ஒன்றைத் தடை செய்தது பற்றிய வழக்கில் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கொரு பதிலைத் தருகிறது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் மிகச் சிலர் கையிலேயே இருக்கின்றன. அவை கைக்கெட்டாத சாதாரண மனிதனுக்குத் தன் கருத்தைப் பொதுவில் வைக்க மிஞ்சியிருப்பது பலரோடு சேர்ந்து தெருவில் நிற்பதுதான் என்று நீதிபதிகள் கண்டார்கள். வெல்வதற்கான கருவியாக மட்டும் அவர்கள் அதைப் பார்க்கவில்லை. கேட்கப்படாதவன் தானும் இருக்கிறேன் என்று காட்டும் வழியாகவும் பார்த்தார்கள். தோற்ற ஊர்வலத்துக்கும் அர்த்தம் உண்டு. பெரும்பான்மை எடுத்த முடிவை எல்லோரும் எடுத்த முடிவென்று பிறகு எவரும் எழுத முடியாதபடி அது தடுக்கிறது.

இனி 'யார்' என்ற கேள்விக்கு வருவோம்.

ஜேர்மன் அரசியலமைப்பின் 5ம் சரத்து, கருத்தை வெளியிடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. 8ம் சரத்து, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை எல்லா ஜேர்மனியருக்கும் உண்டு என்கிறது. இரண்டுக்கும் இடையில் இரண்டே சரத்துக்கள். அதற்குள் 'ஒவ்வொருவர்' 'ஜேர்மனியர்' ஆகிவிடுகிறார். வெளிநாட்டவர் கூடவே முடியாதென்றில்லை. சாதாரணச் சட்டமொன்று அந்த உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. ஆனால் சாதாரணச் சட்டம் கொடுத்ததைச் சாதாரணச் சட்டம் எடுக்கலாம். வெளிநாட்டவரின் அரசியல் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தலாம் என்ற விதி 1965ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பின்வந்த சட்டங்களிலும் இருக்கிறது. நீ தனியே முணுமுணுப்பது உன் பிறப்புரிமை, நாலு பேருடன் சேர்ந்து உரத்துச் சொல்வது நாங்கள் தரும் சலுகை என்பதே இதன் சாரம்.

தஞ்சம் கோரியவருக்கு அந்தச் சலுகையும் கைக்கெட்டவில்லை. 1982ம் ஆண்டுச் சட்டப்படி, தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அவர் அனுமதியின்றி வெளியேறக்கூடாது. முதல் முறை அகப்பட்டால் தண்டப்பணம்; திரும்பவும் அகப்பட்டால் குற்றவியல் வழக்கு, சிறைக்கும் இடமுண்டு. தூரத்து முகாமொன்றில் இருந்தவர் பானுக்கு ஊர்வலம் போவதென்றால், முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் கதிரையில் காத்திருந்து, ஊர்வலம் போக அனுமதி தாருங்கள் என்று கேட்க வேண்டும். 2015ல்தான் இந்த விதி பெருமளவு தளர்த்தப்பட்டது. பாராளுமன்றத்தைச் சுற்றி ஒரு கோடு இருந்ததுபோல ஒவ்வொரு அகதியைச் சுற்றியும் ஒரு கோடு இருந்தது.

இந்த இரண்டு கோடுகளும் ஒரே நாளில் தெளிவாகத் தெரிந்தது 1993 மே 26ல். அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் பெறும் உரிமை உண்டு என்ற ஒற்றை வரியை, ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடியவர்களின் நினைவு ஆறாத காலத்தில், 1949ல் அரசியலமைப்பில் எழுதினார்கள். 1992ல் 438,191 பேர் தஞ்சம் கோரியபின், அந்த வரியைச் சுற்றி நிபந்தனைகளை அடுக்கப் பாராளுமன்றம் கூடியது. சுமார் 10,000 பேர் வீதிகளை மறித்தார்கள். உறுப்பினர்களில் பலர் றைன் நதியில் படகிலும், சிலர் ஹெலிகொப்டரிலும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 521 பேர் ஆதரவாகவும் 132 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். மூன்றாம் நாள், மே 29 அதிகாலையில், சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஐந்து பெண்களும் சிறுமிகளும் இறந்தார்கள்.

அன்று வீதியை மறித்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஜேர்மன்காரர்கள். அவர்களுடைய விசா பறிபோகப் போவதில்லை. அவர்களை எவரும் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப் போவதுமில்லை. யாருடைய வாழ்க்கையைப் பற்றி உள்ளே வாக்கெடுப்பு நடந்ததோ, அவர்களில் பலர் அனுமதிக் கடிதம் இல்லாமல் அந்த ஊருக்கு வரவே முடியாதவர்கள். நாம் சட்டப்படி நிற்க முடியாத இடத்தில் எமக்காக வேறு யாரோ நின்றார்கள். இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். நன்றிக்காக மட்டும் சொல்லவில்லை. இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது.

எம்மவரிடையே ஒரு கதை அடிக்கடி கேட்கும். 'அவன் சோறு போடுறான், இருக்க இடம் தந்திருக்கிறான், அவன்ரை நாட்டில வந்து நாங்கள் சத்தம் போடலாமோ?' கேட்கப் பண்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றியும் மௌனமும் ஒன்றல்ல. விருந்தாளி வீட்டுக்காரரின் சமையலைக் குறை சொல்லாமல் இருக்கலாம். அடுத்த அறையில் யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டால் பேசாமல் சாப்பிட முடியாது. தவிரவும், வரி கட்டி, இரவு வேலை செய்து, இந்த மண்ணில் பிள்ளை பெற்று வளர்ப்பவர் எத்தனை வருடத்துக்கு விருந்தாளியாக இருப்பது?

இந்தக் கேள்வி ஊரிலும் கேட்கப்படாமல் கிடந்தது. 1948ல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த நாடு இலங்கை. 1978ம் ஆண்டு அரசியலமைப்பின் 14ம் சரத்து பேசவும் கூடவும் உள்ள சுதந்திரத்தை 'ஒவ்வொரு பிரசைக்கும்' கொடுத்தது. பிரசையல்லாமல், வேறெந்த நாட்டின் பிரசையும் அல்லாமல், இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கோ அதே சரத்து அந்த உரிமைகளைப் பத்து வருடத்துக்கு மட்டும் கொடுத்தது. வாய்க்கும் தவணை வைத்தார்கள்! தோட்டத்தில் பரம்பரையாகக் கொழுந்து பறித்தவர் பத்து வருடம் பேசலாம். பிறகு பார்ப்போம் என்று. இதை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் எத்தனை ஊர்வலம் போனது என்பதையும் நாம் எம்மிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கொழும்பிலும் ஒரு புல்வெளி உண்டு. 1956 ஜூன் 5ல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் பாராளுமன்றத்துக்கு எதிரேயுள்ள காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பொலிசார் பார்த்திருக்கக் காடையர் அடித்தார்கள். அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் பாராளுமன்றத்துக்குள் போனார். 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம், தனிநாட்டை அமைதியாக ஆதரிப்பதையும் தடைசெய்தது. இலங்கைக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியே ஆதரித்தாலும் குற்றம் என்றது. தடைக்கோட்டைக் கொழும்பிலிருந்து பான்வரை நீட்டிய சட்டம் அது.

1956ல் அந்த மண்டபத்துக்குள் பாராளுமன்றம் இருந்தது. பிற்காலத்தில் அது ஜனாதிபதி செயலகமானது. 2022 ஏப்ரலில் அதே கட்டிடத்தின் முன்னால், அதே திடலில், பெரும்பாலும் சிங்கள இளைஞர்கள் கூடாரம் அடித்து ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மே 9ல் ஆளுங்கட்சி ஆட்கள் வந்து அடித்தார்கள். மே 18ல் அதே இடத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது, கஞ்சி பரிமாறப்பட்டது. ஜூலை 22 அதிகாலையில் இராணுவம் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் பலர் இதைத் தள்ளி நின்றே பார்த்தார்கள். எங்களை அடித்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. ஆனால் கேள்வி நியாயமானது என்பதால், அதற்குப் பின்னால் வரும் மௌனமும் நியாயமாகிவிடுமா? பானில் எமக்காக நின்றவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் அன்று வீதியில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி 'எப்போது'. இதுதான் எமக்கு மிகவும் வலிக்கும் கேள்வி.

1968ல் பானில் கூடியவர்கள் எதிர்த்தது ஒரே ஒரு வாதத்தை: ஆபத்துக் காலத்தில் உரிமைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். இலங்கை அரசும் அதைத்தான் சொன்னது. அவசரகாலச் சட்டம், 1979ல் பயங்கரவாதத் தடைச்சட்டம் என்று வருடக் கணக்காகச் சொன்னது. அதை எதிர்த்து வந்த நாமும் எமக்குள் அதையே சொல்லிக்கொண்டோம். 'இப்ப விமர்சிக்கிற நேரமில்லை. முதல்ல போராட்டம் முடியட்டும்.' 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவரான ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ல் யாழ்ப்பாணத்தில், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகள் என்று அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் பகிரங்கமாகவே சொன்னார்கள். சபாலிங்கம் 1994 மே 1ல் பாரிசில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். பிரெஞ்சு அரசு அவருக்குப் பேச்சுரிமை கொடுத்திருந்தது. அவரை மௌனமாக்கியது அந்த அரசல்ல. 2000ல் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், 2009ல் கொழும்பில் லசந்த என்று மறுபக்கத்துப் பட்டியலும் நீளமானது. அந்தப் பட்டியலை நாம் உரத்து வாசிப்போம். முதற் பட்டியலை வாசிக்கும்போது குரல் தாழ்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறோம்.

ஊர்வலத்தில் சுதந்திரம் கேட்டுப் பதாகை பிடித்த அதே கைகள்தான் தமிழ்க் கடைகளில் சிறு சஞ்சிகைகளை வைக்க விடாமல் தடுத்தன. வாங்கியவர்களும் உறைக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். ஜேர்மன் பொலிசுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கோட்டை நாமே கீறினோம். காவலும் நாமே நின்றோம்.

போரில் ஒற்றுமை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் பயத்தால் வரும் ஒற்றுமை உள்ளே என்ன பிழை நடக்கிறது என்பதைத் தலைமைக்கே தெரியவிடாது. பிள்ளைகளைப் பலவந்தமாகச் சேர்க்கிறார்கள், மக்களைப் போகவிடவில்லை என்று வன்னியிலிருந்து வந்த சேதிகளை 2009ல் எத்தனை பேர் கேட்டும் கேளாதவர்போல் இருந்தோம்? அரசின் குண்டுகளைப் பற்றிய எமது உண்மையை உலகம் பாதி சந்தேகத்தோடு கேட்டதற்கு, மற்ற உண்மையை நாம் மறைத்ததும் ஒரு காரணம். போராட்டம் முடிந்த பிறகு பேசலாம் என்றவர்கள், முடிந்த பிறகு, செத்தவர்களைக் கொச்சைப்படுத்தாதே என்றார்கள். நேரம் ஒருபோதும் வரவில்லை.

பேச்சுரிமை எமக்கு உவப்பானதைச் சொல்ல எவருக்கும் தேவைப்படுவதில்லை. ஆகவே ஒருவர் அதை மதிக்கிறாரா என்பதைத் தூதரக வாசலில் அவர் எழுப்பும் கோஷத்தால் அறிய முடியாது. தன் சங்கத்தின் கூட்டத்தில், தனக்குப் பிடிக்காததைச் சொல்ல எழும்பிய ஒருவரை அவர் முடிக்க விடுகிறாரா, பிறகு அந்த ஆளோடு தேத்தண்ணி குடிக்கிறாரா என்பதில்தான் தெரியும்.

1999ல் பாராளுமன்றம் பேர்லினுக்குப் போய்விட்டது. பழைய தடை எல்லைச் சட்டமும் அந்த ஆண்டோடு போய், பாராளுமன்ற வேலைக்கு இடைஞ்சல் வராதென்றால் கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தாக வேண்டும் என்ற புதிய சட்டம் வந்தது. ஓர் அரசு தான் கீறிய கோட்டைக் கொஞ்சமாவது தளர்த்த 44 வருடங்கள் எடுத்தது. எமது கோட்டுக்குச் சட்டப் புத்தகம் எதுவும் இல்லை, வாக்கெடுப்பும் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே அழிக்கலாம்.