ஓட்டமும் எண்ணும்

விளையாட்டுத் திடலைக் கணித வகுப்பாக்குதல் முறையா? பிள்ளைகள் தம் மகிழ்ச்சிக்கென வைத்திருக்கும் ஒரே இடத்திலும் பாடத்தைக் கொண்டுபோய் நுழைக்கலாமா? ஆசிரியர் பயிற்சிக் காலந்தொட்டு இவ்வினா என்னைத் தொடர்ந்து வருகின்றது.

விளையாட்டின்வழிக் கல்வியால் விளையும் பயன் ஐயத்திற்கு இடமற்றது. தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம் என்னும் விதி, பத்து முறை எழுதியும் பதியாத மாணவனுக்கு, ஐம்பது மீட்டர் ஓடி மூச்சிரைக்க நிற்கையில் தெளிவாகிவிடுகின்றது.

நம் நாட்டு ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனையை 2017ஆம் ஆண்டில் கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி முறியடித்தார். இடைப்பட்ட காலம் 49 ஆண்டுகள், வேறுபாடோ 0.02 விநாடி. 200ஐ 20.92ஆல் வகுத்தால் விநாடிக்கு 9.56 மீட்டர். அவ்வேகத்தில் 0.02 விநாடியில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர், ஒரு சாண்! ஒரு சாண் முன்னேற அரை நூற்றாண்டு ஆயிற்று. தசமத்தைக் கற்பிக்க இதனினும் நல்ல கணக்கு ஏது?

கணக்கு அங்கே முடிவதில்லை. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலின் விரைவோட்டக்காரரை எதிர்க்கும் காற்றுத்தடையும் குறைவு. அப்படியாயின் அவ்விரு எண்களை மட்டும் அருகருகே வைத்து உயர்வு தாழ்வு உரைத்தல் நேர்மையாகுமா? இவ்விடத்தில் இயற்பியல் வகுப்பு அறநெறி வகுப்பாகிவிடுகின்றது. எண் பொய் சொல்வதில்லை. முழுவதையும் சொல்லிவிடுவதும் இல்லை.

இவ்வுண்மையை நான் உணர்ந்தது என் தவற்றினால். பல்லாண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவரை ஐம்பது மீட்டர் ஓடச் செய்து, அவரவர் பெயருக்கு நேரே வேகத்தை எழுதிக் கரும்பலகையில் வரிசைப்படுத்தினேன். முதல்வன் 10 விநாடியில் ஓடினான். விநாடிக்கு 5 மீட்டர். கடைசி மாணவனுக்கு 12.5 விநாடி; விநாடிக்கு 4 மீட்டர். பாடம் செவ்வனே முடிந்தது. மறுநாள் முதல் ‘நாலு மீட்டர்’ என்பது அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. மாலையில் அவன் திடலுக்கு வருவது நின்றது. அவனுடைய விளையாட்டைப் பறித்தவன் நானே.

ஒரு வாரம் சென்றபின் நிறுத்துகடிகாரத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். ஓட்டத்தைப் பகுதி பகுதியாக அளக்க அவனே பழகினான். பிறகு தானும் ஓட இசைந்தான். அன்றும் மொத்தம் 12.5 விநாடியே. ஆனால் முதல் பத்து மீட்டருக்கு 4.5 விநாடி, எஞ்சிய நாற்பது மீட்டருக்கு 8 விநாடி. அதாவது, கிளம்பியபின் அவன் விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகின்றவன்! ஊதல் ஒலிக்குத் தயங்கி நின்றதே குறை. சராசரி மறைத்ததைப் பகுதி காட்டிற்று.

நான் மகிழ்ந்தேன். எனினும் அன்றிரவு வேறோர் எண்ணம் என்னை உறுத்தியது. பகுதியாக அளந்தும் அவன் பின்தங்கியே இருந்திருந்தால்? அப்போது அந்தப் பட்டப்பெயர் நியாயமாகிவிடுமா? ஆகாது. நாம் அளப்பது ஓட்டத்தை. ஓடும் பிள்ளையை அன்று. அவ்வெண் அன்றைய ஓட்டத்திற்கு உரியது. அவன் மதிப்பிற்கு உரியதன்று. இவ்வேறுபாட்டை மறக்கும் ஆசிரியர், தேர்வுப் புள்ளிகளையும் அவ்வாறே கையாளுவார்.

ஆகவே, திடலில் பாடம் நடத்தலாம் என்பதே என் முடிபு. ஆயின் சில வரம்புகளோடு. பெயர் வரிசை வேண்டா. ஒவ்வொருவனும் தன் நேற்றைய ஓட்டத்தோடு இன்றைய ஓட்டத்தை ஒப்பிடட்டும். ஒரே ஓட்டத்தை மூவர் அளந்து, மூன்று விடை வருவதைக் காணட்டும். அளப்பவர் கையும் பிழைபடும் என்னும் அடக்கம் அதனால் பிறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை விளையாட்டை அளவுகோலின்றி விட்டுவிடுவோம்.

அந்த மாணவன் மீண்டும் திடலுக்கு வந்தான். எத்தனை விநாடியில் ஓடினான் என்று நான் பார்க்கவில்லை.