இயாகோ சொல்லாத காரணம்

காரணமின்றிக் காரியமில்லை என்பது தர்க்க சாஸ்திரத்தின் பாலபாடம். ஆயினும், ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில், வெனிஸ் குடியரசின் படையிலே கொடிதாங்கும் பதவி வகிக்கும் இயாகோ என்பவன், தன்னை முழுமனத்துடன் நம்பிய சேனாபதி ஒதெல்லோவையும், தனக்கு யாதொரு தீங்கும் செய்தறியாத அவருடைய மனைவி டெஸ்டிமோனாவையும் எதன்பொருட்டு நாசம் செய்தான் என்னும் கேள்விக்கு மாத்திரம், அந்நாடகம் 1604-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று ஜேம்ஸ் மன்னரின் வைட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பெற்ற நாள்தொட்டு இன்றுவரை, யாவரும் ஒப்பக்கூடிய விடை கிடைத்தபாடில்லை. தீமைக்கு மூலம் யாது என்று சமய ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தடுமாறிய இடமும் இதுவே.

இயாகோ காரணம் சொல்லாதவனல்லன். வேண்டிய அளவுக்கு மேலேயே சொல்லுகிறான். தனக்கு வரவேண்டிய உபதளபதிப் பதவி, போர்க்களம் அறியாத ஏட்டுப் படிப்பாளியாகிய காஸியோவுக்குப் போய்விட்டது என்கிறான். தன் மனைவி எமிலியாவுக்கும் ஒதெல்லோவுக்கும் கள்ள உறவு உண்டென்று ஊரார் பேசிக்கொள்ளுவதாகக் கூறி, அது மெய்யோ பொய்யோ, மெய்யென்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். பின்னர் அதே சந்தேகத்தைக் காஸியோவின் பேரிலும் ஏற்றுகிறான். டெஸ்டிமோனாவின்மீது தனக்கும் ஓர் ஆசை உண்டென்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை வேறு. இத்தனை காரணங்களை அடுக்குகிறவனிடத்தில் காரணம் ஒன்றுமே இல்லை, முன்னமே பிறந்துவிட்ட குரோதத்திற்குப் பின்னால் தேடிப் பொருத்திக்கொண்டவையே இவையெல்லாம் என்று கவி கோல்ரிட்ஜ் தீர்ப்புக் கூறினார்.

அத்தீர்ப்பு புகழ்பெற்றது, எனினும் அதற்கு முழுதும் இசைய என் மனம் ஒப்பவில்லை. ஷேக்ஸ்பியர் இக்கதையை எடுத்தாண்டது, 1565-இல் வெளியான சிந்தியோ என்னும் இத்தாலியரின் கதைத் தொகுதியிலிருந்து. அங்கே கொடிவீரனுக்குப் பெயர்கூட இல்லை; ஆனால் காரணம் ஐயந்திரிபற இருக்கிறது: சேனாபதியின் மனைவிமேல் அவன் மோகம் கொண்டான், அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மோகம் பகையாயிற்று. உலகத்தில் நாம் பலமுறை கண்ட கதைதான். இவ்வளவு எளிய காரணம் கைவசம் இருந்தும் ஷேக்ஸ்பியர் அதனை ஒரு வார்த்தையளவாகத் தேய்த்துவிட்டாரென்றால், அதன் அடியில் கிடந்த வேறொன்று தென்படவேண்டும் என்பதற்காகவே தேய்த்தார் என்பேன். ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில், காஸியோவைக் கொல்லுமாறு, டெஸ்டிமோனாமேல் ஆசைகொண்ட ரோடரிகோவை இருட்டிலே நிறுத்திவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இயாகோ, காஸியோவின் வாழ்க்கையில் நாள்தோறும் விளங்கும் அழகின் முன்னே தான் அவலட்சணமாகத் தோன்றுவதாக வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். பதவியைப் பற்றிய பேச்சோ மனைவியைப் பற்றிய பேச்சோ அங்கே இல்லை. பிறருடைய நன்மை, அது நன்மையாய் இருக்கிறது என்னும் ஒரே குற்றத்திற்காக, அவனுக்குப் பொறுக்கவில்லை. கம்பர் கூனிக்குக்கூட ஒரு நியாயம் வைத்தார். முன்னொரு நாள் இராமன் வில்லிலிருந்து தெறித்த மண்ணுருண்டையை அவள் மறக்கவில்லை. டெஸ்டிமோனாவின் கையிலிருந்து இயாகோவின்மேல் அப்படி ஒரு மண்ணுருண்டையும் பட்டதில்லை.

தீமை என்பது தனித்த ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே என்று கற்பித்தவர் ஹிப்போ நகரத்து ஆயராகிய புனித அகஸ்டீன். மாமரத்தின் சாற்றை உறிஞ்சியே பசுமை காட்டி நிற்கும் புல்லுருவியைப் போன்றவனாகிய இயாகோ, ஒருவகையில் இக்கொள்கைக்குத் தக்க சான்றாவான். ஏனெனில் அவன் கையாளும் கருவிகளில் அவனுக்குச் சொந்தமானது அநேகமாக ஒன்றுமில்லை. பதவி இழந்த காஸியோவுக்காக மன்றாடும் டெஸ்டிமோனாவின் இரக்கம், அவள் மன்றாட மன்றாடக் கணவன் உள்ளத்தில் ஐயமாக வளருகிறது. கீழே விழுந்த டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்து எமிலியா கொடுப்பது, கணவன் கேட்டதைக் கொடுத்து மகிழ்விக்க வேண்டும் என்னும் எண்ணத்தினாலே. ஒதெல்லோ ஏமாறுவதோ, பிறரும் தன்னைப்போல் வெள்ளை உள்ளத்தினர் என்று நம்புவதால். ஆனால், வெறும் குறைவு இவ்வளவு ஊக்கத்துடன் இரவும் பகலும் உழைக்குமா? அகஸ்டீனுக்கே இந்த ஐயம் இல்லாமற்போகவில்லை. தம் பதினாறாம் பிராயத்தில் தோழர்களுடன் பேரிக்காய் திருடி, பசிக்காக அல்லாமல், பெரும்பாலும் பன்றிகளுக்கு எறிந்துவிட்டதைப் பிற்காலத்தில் நினைத்து நினைத்து அவர் வருந்தியது, திருட்டிலே தமக்கு உண்டான இன்பத்திற்கு அவராலும் எளிதில் காரணம் காண முடியாமையால் அன்றோ! தீமை எதனால் ஆனது என்பதை அவர் கொள்கை விளக்குகிறது. அதற்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கவில்லை. நன்மையைக் கண்ட மாத்திரத்தில் மூளுவது அந்த வேகம் என்றால், உலகில் நன்மை பெருகப் பெருகத் தீமை தானே ஒழியும் என்று நம்மவர் பலரும் கொண்டிருக்கும் ஆறுதலுக்கு இடமில்லை.

இன்னொரு விந்தை: ஆசைப்பட்ட பெண் கிடைக்கவில்லை என்று நீரில் விழுந்து சாகத் துணியும் ரோடரிகோவுக்கு, மனிதன் இப்படியோ அப்படியோ ஆவது அவனுடைய இச்சையின் வசமே என்று பிரசங்கம் செய்கிறவன் இந்த இயாகோதான். எந்தக் கோயில் மேடையிலும் ஏற்கத்தக்க உபதேசம் அது. அதன்படி பார்த்தால் ஒதெல்லோவும் தப்பமுடியாது. கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று முழங்கியவர், ஒரு கைக்குட்டையோடு திருப்தியடைந்தார். தாமஸ் ரைமர் என்னும் விமர்சகர் 1693-இல் இதனைப் பரிகசித்து எழுதினார். காஸியோவை நேரில் அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சதி அங்கேயே சரிந்திருக்கும். தூண்டியவன் உண்டு என்பதனால் செய்தவன் பாவம் குறைவதில்லை. டெஸ்டிமோனாவைக் கொன்றது ஒதெல்லோவின் கையே.

டெஸ்டிமோனாவின் பிரார்த்தனைக்கு வானத்திலிருந்து ஒரு துணையும் வரவில்லை. உண்மையை வெளியிடுகிறவள், வாயை மூடு என்று கணவன் கட்டளையிட்டும் மூடாத எமிலியா. அதற்கு விலையாக அவன் வாளுக்கே இரையாகிறாள். ஏன் செய்தாய் என்று கடைசியில் கேட்கப்படும்போது, இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்கிறான் இயாகோ. பிரார்த்தனைக்குக்கூடவா என்று ஒருவர் திகைக்கிறார். மறைக்க அவனிடம் ரகசியம் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பேசினால், தான் நாசம் செய்தவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல நேரும். அதனை அவன் எந்தச் சித்திரவதைக்கும் சொல்லமாட்டான். ஷேக்ஸ்பியரின் மற்றக் கொடியவர்களாகிய கிளாடியஸும் எட்மண்டும் மக்பெத்தும் தத்தம் நாடகம் முடியுமுன் மடிகிறார்கள். இவனோ ஒதெல்லோவின் வாளால் காயம்பட்டும் சாகவில்லை. தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு, கதை முடியும் இடமாகிய சைப்பிரஸின் புதிய அதிபதி காஸியோவிடம் ஒப்படைக்கப்படுகிறது. திரை விழும்போது இயாகோ உயிரோடுதான் இருக்கிறான்.