தண்ணீரில் கண்டமா?

 

எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழையும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கண்மாயில் தண்ணீர் நிற்பது வருடத்தில் சில மாதங்கள்தாம். ஆகவே இங்கே வளரும் பிள்ளை வெடிச் சத்தத்துக்கு மிரளாது. நிறைந்த கிணற்றைக் கண்டால் மிரளும். போதாக்குறைக்கு யாராவது பால் கிதாபு பார்த்து, "பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம்" என்று சொல்லிவிடுவார்கள். அத்தாவும் அம்மாவும் அவனைக் கிணற்றடிக்கே விடமாட்டார்கள். கழுத்தில் ஒரு தாயத்து ஏறும். அதோடு கவலை தீர்ந்ததாக எண்ணம்!

குறி கேட்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த நபியின் பிள்ளைப் பருவத்தைச் சற்றுப் பாருங்கள்.

தகப்பனார் முன்பே மறைந்துவிட்டார். தாய்க்கு ஒரே மகன். ஆறு வயதில் அன்னை ஆமினா அவர்கள் மகனை மதீனாவுக்கு அழைத்துச் சென்று, பனூ நஜ்ஜார் குடும்பத்தாரிடம் தங்கினார்கள். மக்காவில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. அந்தப் பாலைவனத்துப் பிள்ளை அங்கே பனூ அதீ கிளையாரின் கிணற்றில் நன்றாக நீந்தப் பழகியது. ஹிஜ்ரத்துக்குப் பிறகு அந்த இடத்தைப் பார்த்தபோது நபியவர்களே அதை நினைவுகூர்ந்தார்கள் என்று இப்னு ஸஅத் தமது 'தபகாத்'தில் பதிவு செய்திருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளை அதைவிட அருமையான பிள்ளையா?

வீண் விளையாட்டுக் கணக்கில் சேராதவை என்று நபியவர்கள் நான்கைச் சொன்னார்கள். அம்பெய்யப் பழகுவது, குதிரையைப் பழக்குவது, மனைவி மக்களோடு விளையாடுவது ஆகியவற்றோடு நான்காவது நீச்சல் கற்பது. இமாம் நஸாயீ இதை அறிவிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்லும் வாசகம் ஒன்றை மேடைகளில் நபிமொழி என்றே பலர் சொல்லிவிடுகிறார்கள். அந்த அறிவிப்புப் பலவீனமானது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் சிரியாவில் இருந்த அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு எழுதியதாக 'முஸ்னத் அஹ்மத்'தில் வருவதே எடுத்துச் சொல்லத் தக்கது. அந்த உமர் யார்? முஆவியா (ரலி) கடற்படைக்கு அனுமதி கேட்டபோது, கடலின் பயங்கரத்தைக் கேட்டறிந்து மறுத்துவிட்டவர்! முஸ்லிம்களின் உயிரைப் பற்றி அவ்வளவு அஞ்சியவர்தாம் சிறுவர்களைத் தண்ணீரில் இறக்கச் சொன்னார். அச்சம் அவரை வழிதேட வைத்தது.

நம் பட்டாசு ஆலைகளிலும் அதுதானே நடக்கிறது? மருந்து அறைக்குள் நைலான் சட்டை கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. அஞ்சத் தெரிந்தவன்தான் இந்த ஒழுங்கைக் கைவிடமாட்டான்.

எனக்கும் சிறுவயதில் கண்டம் சொல்லப்பட்டிருந்தது. ஓதப் போகும் வயதில் மாமா ஒருவர்தான் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறவைக் கிணற்றில் இறக்கினார். முதல் சில நாட்கள் படிக்கல்லைப் பிடித்தபடி தண்ணீருக்குள் மூச்சுவிடும் பழக்கம் மட்டுமே. பிறகுதான் விளங்கிற்று: மூச்சை நிறைத்து உடம்பைத் தளர விட்டால் தண்ணீர் தாங்குகிறது, பதறிக் கைகளை மேலே தூக்கினால் தலை உள்ளே போகிறது. மாமா ஒரு நாளும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. சிலர் அப்படித் தள்ளித்தான் பழக்குகிறார்கள். அது பயத்தைப் போக்குவதில்லை, ஆயுளுக்கும் நிலைநாட்டிவிடுகிறது.

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறத்தாழ கால்பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட பச்சிளங்குழந்தைகள். மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்பது உண்மை. அது பிரிந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல். இருப்பவர்களின் அலட்சியத்துக்கு அனுமதியல்ல.

ஃபிக்ஹில் ஒரு சட்டம் உண்டு. தொழுதுகொண்டிருக்கையில் ஒருவர் மூழ்குவதைக் கண்டால், காப்பாற்ற முடிந்தவர் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும். நீந்தத் தெரியாதவர் முறித்து ஓடி என்ன செய்வார்? அவர் குதிக்க வேண்டாம். கயிறோ வேட்டியோ வீசி இழுக்கட்டும். நீந்தத் தெரிந்த நாலு பேராவது ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்க வேண்டாமா?

பெண் பிள்ளைகளும் கற்கட்டும்; மறைவான இடத்தில், பழகிய பெண்களிடம். ஆண்களுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருக்கட்டும். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகுமுன் பழக்கிவிடுங்கள். பெருகிய பின், மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியமாட்டா. நீந்தத் தெரிந்த பிள்ளையையும் அங்கே தனியே அனுப்பாதீர்கள்.