மறைந்த குறையும் விற்றவர் கடமையும்

காரிமங்கலத்தில் கடல் இல்லை. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த இவ்வூரில், படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான் நம் நினைவுக்கு வரும். ஆயினும் சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள், எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில் எழுந்த வினா ஒரு கடற்படகைப் பற்றியது.

என் தங்கையின் மகன் நார்வே நாட்டில் பெர்கன் நகரில் பணிபுரிகிறான். விடுமுறைக்கு வந்திருந்தான். அன்று மாலை மோட்டாரிலிருந்து புறப்படும் இரும்புக் குழாயின் நிப்பிள் மரையோடு முறிந்து, அறையெல்லாம் தண்ணீராயிற்று. விழாவுக்காகக் கடைகள் அடைக்கும் நேரம். பழைய இரும்புச் சாமான் பெட்டியைக் கிளறி, ஒரு பித்தளை நிப்பிளைக் கண்டெடுத்து, சணல் சுற்றி முறுக்கினான். ஒரு சொட்டும் கசியவில்லை. நான் மகிழ்ந்தேன், அவன் மகிழவில்லை. "மாமா, இது தற்காலிகம்தான். பித்தளைக்குப் பக்கத்தில் இரும்பு விரைவில் அரித்துப்போகும். மறக்காமல் மாற்றிவிடுங்கள்" என்றான். சற்று நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு, "இதே மாதிரி ஒன்றைச் செய்து, யாரிடமும் சொல்லாமல் விற்றுவிட்டேன்" என்றான்.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்டவாறு எழுதுகிறேன். அங்கே கடற்கரையோரம் வாழும் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் சிறுபடகு வைத்திருக்கின்றன. இவனும் நண்பர்களோடு சேர்ந்து பழைய படகொன்றை வாங்கினான். எஞ்சின் படகின் உட்புறம் பின்பகுதியில் இருக்கும். அதிலிருந்து புறப்படும் தண்டு பின்பலகையைத் துளைத்து வெளியே சென்று, கால் போல் நீரில் இறங்கும் அலுமினியப் பகுதியைச் சுழற்றும். அதன் நுனியில் உந்துவிசிறி. ஸ்டெர்ன்டிரைவ் எனப்படும் இவ்வமைப்பை 1959-இல் சுவீடன் நாட்டு வால்வோ பென்டா நிறுவனம் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. எஞ்சின் உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது, உந்துவிசிறியையோ வெளியே மேலே தூக்கலாம், திருப்பலாம். அதுவே அதன் சிறப்பு. அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் ஒரு பெருந்துளை இருந்தாக வேண்டும். அத்துளை வழியே தண்டு செல்வதைச் சுற்றி ஒரு ரப்பர் உறை; எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வருவதற்கு ஒரு குழாய்; அக்குழாயைப் பின்பலகையில் மாட்ட ஒரு நிப்பிள். இவை கடலுக்கும் படகின் உட்புறத்துக்கும் நடுவே நிற்கும் காவலர்கள்.

பழைய ரப்பர்க் குழாயை இழுத்துக் கழற்றும்போது அந்த நிப்பிள் முறிந்துவிட்டது. அதற்கென்றே வார்த்த பாகம் வந்துசேர மூன்று வாரமாகும் என்றார்கள், விலையும் அதிகம். அந்நாட்டில் கோடையோ குறுகியது. வீட்டுக் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் பித்தளை நிப்பிள் கிடைத்தது. மரையும் விட்டமும் பொருந்தின. தானே மாட்டினான். இரண்டு கோடைகள் அப்படகில் நண்பர்களோடும் அவர்தம் குழந்தைகளோடும் மீன் பிடிக்கச் சென்றான், ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் ஆண்டு படகை வேறொருவருக்கு விற்றான். நிப்பிளைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

விற்ற பின்னரே மற்றொன்றை அறிந்தான். உடன் பணிபுரிபவர் ஒருவர், கடல்நீரில் சில ஆண்டுகள் கிடந்த பித்தளைத் துண்டைக் காட்டினாராம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. எஞ்சி நிற்பது நுண்துளைகள் நிறைந்த செம்பு. வடிவம் மாறுவதில்லை, அளவு குறைவதில்லை, மரைகூட அப்படியே இருக்கும். நிறம் சற்றுச் சிவந்திருக்கும், அவ்வளவே. கையால் தட்டினால் உடையும். இதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே வெள்ளீயம் கலந்த வெண்கலம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். மேலும், பித்தளையும் அலுமினியமும் உப்புநீரில் அருகருகே தொடர்புற்று நின்றால் நலிந்த உலோகமாகிய அலுமினியம் அரிபடும். தவறான உலோகத்தைச் சேர்த்தவர் அப்பாகத்தை மட்டுமன்றி, அதன் அண்டை அயலையும் கெடுத்துவிடுகிறார். நம் வீட்டுக் குழாய்களிலும் இதைக் கண்டிருப்போம்: பித்தளை வால்வை அடுத்துள்ள இரும்பே முதலில் துருவேறி ஒழுகும்.

"மாமா, விழாவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் பெறப்போகிறேன். இதைச் சொல்லவேண்டுமா? இது பாவமா?" என்று கேட்டான்.

முதலில் எனக்குத் தோன்றியது, அவனைத் தேற்றவேண்டும் என்பதுதான். பழைய படகு என்று சொல்லித்தானே விற்றாய்? குறைந்த விலைக்குத்தானே கொடுத்தாய்? வாங்கியவர் குழந்தையா? பார்த்துத்தானே வாங்கினார்? இவையெல்லாம் நம் ஊர் வாரச் சந்தையில் நாம் கேட்டுப் பழகிய நியாயங்கள். மாடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடியும். அதன்பின் பேச்சில்லை. ஆனால் சந்தைக்கும் ஒரு நியாயம் உண்டு. கொம்பு முறிந்த மாட்டை விற்றவரை எவரும் ஏசுவதில்லை; பாரம் ஏற்றியவுடன் படுத்துக்கொள்ளும் மாட்டைச் சொல்லாமல் தள்ளிவிட்டவரை அடுத்த சந்தையில் சும்மா விடுவதில்லை. முன்னதைக் கண் காணும். பின்னதைப் பழகியவர் மட்டுமே அறிவார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் ஏறத்தாழ இதையே எழுதியிருக்கிறார் என்பது எனக்கு வியப்பளித்தது. தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 77-ஆம் வினாவில், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகம் பற்றி ஆராய்கிறார். ஒற்றைக்கண் குதிரையின் குறை வெளிப்படையானது. விலையைக் குறைத்துக் கொடுத்தால் வாய் திறந்து சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் குறை மறைந்திருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின் சொல்லியே ஆகவேண்டும். இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானது என விற்பதை அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். விற்கும்போது குறையை அறியாதவர் பாவம் செய்யவில்லை. எனினும் அறிந்த நாளிலிருந்து ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்றும் கூறுகிறார். அவருக்கு முன்பே, கி.மு. 44-இல் ரோமானியர் சிசெரோ, கடமைகள் பற்றிய தம் நூலில், பழுதான வீட்டை விற்பவர் பற்றி இரு மெய்யியலார் வாதிட்டதை எழுதிவைத்தார். விற்பவரே தம் பொருளின் குறையைப் பறைசாற்றுவது மூடத்தனம் என்பார் தியோஜெனிஸ். மறைப்பது அநீதி என்பார் அந்திபாத்தர். சிசெரோ அந்திபாத்தர் பக்கம் நின்றார். நம்மில் பெரும்பாலோர் ஞாயிறன்று அந்திபாத்தராகவும் திங்களன்று தியோஜெனிஸாகவும் வாழ்கிறோம்.

விலைக்குறைப்பு என்ற சாக்கு இங்கே ஏன் செல்லாது? விலை, பணத்தில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும். நடுக்கடலில் குழாய் கழன்று நீர் ஏறும்போது, படகை மலிவாக வாங்கினோம் என்பது யாருக்கு உதவும்? அப்படகில் ஏறும் குழந்தைகள் விலை பேசியவர்களும் அல்லர்.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது வேறொன்று. அந்த இரண்டு கோடைகளிலும் அவன் செய்தது தவறா? தவறென்று நான் கருதவில்லை. ஒவ்வொரு முறை படகில் ஏறும்போதும் எஞ்சின் மூடியைத் திறந்து அந்த நிப்பிளைத் தொட்டுப் பார்ப்பானாம். கடலிலிருந்து திரும்பியதும் அடித்தளத்தில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பானாம். அலை பெரிதாக இருந்தால் தொலைவு போகமாட்டானாம். அப்படியானால் அந்தப் பழுதுபார்ப்பில் பாதிதான் பித்தளை. மற்றப் பாதி அவனுடைய நினைவு. இரண்டும் சேர்ந்தே படகை மிதக்கவைத்தன. விற்றபோது பித்தளை படகோடு போயிற்று. நினைவு அவனோடு தங்கிவிட்டது. அவன் கையில் போதுமானதாக இருந்த பழுதுபார்ப்பு, எந்த மாற்றமும் இல்லாமலே, அடுத்தவர் கையில் போதாததாகிவிட்டது.

தானே செய்துகொள்ளும் வேலையில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. தொழிற்கூடத்தில் செய்தால் ரசீது இருக்கும், பாக எண் இருக்கும். அடுத்து வரும் தொழிலாளி அதைப் பார்த்து அறிவார். தன் கையால் செய்தவருக்குத் தன் தலைதான் பதிவேடு. நோவாவிடம் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசச் சொன்னார் கடவுள் என்று தொடக்கநூல் கூறுகிறது. புறத்தே பூசியதைப் பார்த்தவர் இருந்திருப்பர். உள்ளே பூசியதை நோவா அறிவார்.

ஒப்புரவு அருட்சாதனம் பற்றி அவன் கேட்டதற்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. அது அருள்தந்தையின் பொறுப்பு. ஆயினும் 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல், மன்னிப்புப் பெற்றவர் தம்மால் இயன்ற அளவு தீங்கைச் சரிசெய்யவும் வேண்டும் என்கிறது. அதே நூல், செம்மையற்ற வேலையையும் பிறருடைய அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதையும் ஏழாம் கட்டளையின் கீழ் வைக்கிறது. திருட்டுக்கு அடுத்த வீடு. "சாமியாரிடம் சொல்வது உன் ஆன்மாவுக்கு நல்லது. படகுக்காரரிடம் யார் சொல்வது?" என்றேன்.

இரவுத் திருப்பலிக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்தான். அந்நாட்டில் குளிர்காலத்தில் பல படகுகளைக் கரையேற்றி மூடி வைத்துவிடுவார்களாம், அது நல்வாய்ப்பாயிற்று. படகை வாங்கியவர் கோபப்படவில்லை என்றும், இதை முன்பே சொல்லியிருந்தால் தானே மாற்றியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார் என்றும் சொன்னான். சரியான பாகத்துக்கான பணத்தை அனுப்புவதாக ஒப்புக்கொண்டான்.

இதுவரை அவனைப் பற்றி எழுதினேன். தை பிறந்ததும் அந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட நான் பேசி முடித்திருந்தேன் என்பதை அவனிடம் அன்று மாலை சொல்லவில்லை. ஒரு சொட்டும் கசியாத நிப்பிளைக் கண்டு நான் மகிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். திருப்பலி முடிந்து வந்து, மறுநாள் காலை மோட்டார் அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தேன்: பித்தளை நிப்பிள், தற்காலிகம், மாட்டிய தேதி. குத்தகைக்காரர் வந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, இதை மாற்றுகிற செலவு உங்களுடையதா, என்னுடையதா?" என்று கேட்டார்.